என் மாடியிலிருந்து போன மூன்று மூட்டை

ஆய்வகத்துக்குப் புது மிஷின் வந்திருக்கிறதாம். ஒரு சிட்டிகை மண்ணைக் கரைத்து ஊற்றினால் போதும், மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அந்த மண்ணில் நோய்க்கிருமி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுமாம். பழைய சகாக்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார்கள். மிஷினுக்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, சுற்றி நின்று ஆளாளுக்கு ஒரு சிரிப்பு. கூடவே ஒரு வேண்டுகோள்: “சார், ஆபீஸ் ஆண்டு மலருக்கு நீங்க ஒண்ணு எழுதணும். மிஷின் இல்லாத காலத்துல எப்படிச் சமாளிச்சீங்கன்னு.”

மிஷின் இல்லாத காலமாம்! நான் ஓய்வு பெற்று இன்னும் இரண்டு வருடம்கூட முடியவில்லை. என்னவோ நான் மாட்டுவண்டியில் ஆபீசுக்கு வந்துபோன ஆள் மாதிரி கேட்கிறார்கள். போகட்டும். கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன். ஆனால் நான் கெட்டிக்காரனாக நடந்துகொண்ட கதை எதுவும் இதில் வராது. அந்த மாதிரிக் கதைகளை எல்லாம் பிரிவு உபசார விழாவில் மற்றவர்களே சொல்லி முடித்துவிட்டார்கள். அதில் பாதி பொய்.

என் பெயர் ஞானப்பிரகாசம். அவ்வளவு நீளப் பெயரைக் கூப்பிட ஆபீஸில் யாருக்கும் பொறுமை கிடையாது, அதனால் பிரகாஷ். பிறந்தது பெங்களூரு மர்பி டவுனில், கல்யாணத்துக்குப் பிறகு லிங்கராஜபுரம். பயிர் நோய் ஆய்வகத்தில் உருளைக்கிழங்குப் பிரிவில் கள உதவியாளராக வேலை. முதல் இரண்டு வருடம் கண்ணாடிக் குழாய் கழுவினேன், அடுத்த மூன்று வருடம் அதே குழாய்களில் மண் நிரப்பினேன், அதற்குப் பிறகுதான் என்னை நம்பி நிலத்துக்கே அனுப்பினார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

மண்ணிலிருந்து உருளைக்கு வருகிற நோய்கள் பல வகை. சொறி என்று ஒன்று, தோலைப் பார்க்கச் சகிக்காது, சீவிவிட்டால் குழம்புக்கு ஒன்றும் குறையாது. கறுப்புப் பொருக்கு என்று இன்னொன்று, எவ்வளவு கழுவினாலும் போகாத அழுக்கு மாதிரி கிழங்கில் ஒட்டிக்கொண்டு வரும். இவற்றோடெல்லாம் ஒரு மாதிரி காலம் தள்ளலாம். தள்ள முடியாத ஒன்று வாடல் நோய். கோலார் பக்கத்து விவசாயிகள் சொரகு ரோகம் என்பார்கள். இது பாக்டீரியாவின் வேலை. இலை பச்சையாகவே இருக்கும். மதிய வெயிலில் செடி துவளும், சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து நிற்கும். தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று விவசாயி இன்னும் நாலு பங்கு தண்ணீர் விடுவார். அந்தத் தண்ணீர் கிருமியை வாரிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும். நாலைந்து நாளில் செடி எழுந்திருக்காது.

இதற்கு மருந்து கிடையாது. கிருமி மண்ணில் உட்கார்ந்துவிட்டால், அந்த நிலத்தில் உருளை, தக்காளி, கத்திரி, மிளகாய் எதையும் சில வருடங்களுக்கு வைக்கக் கூடாது. ராகி, சோளம் என்று மாற்றி மாற்றிப் போட்டு அதைப் பட்டினி போட வேண்டும். காலி பண்ண மாட்டேன் என்று சட்டம் பேசுகிற வாடகைக்காரரை வெளியேற்ற ஒரு பெங்களூரு வீட்டுக்காரர் என்ன பாடு படுவாரோ, அந்தப் பாடு.

நோயைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருந்தது ஒரு கண்ணாடி டம்ளர். சிரிக்காதீர்கள். வாடிய செடியின் தண்டை அடிப்பக்கம் இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு கிளிப்பில் மாட்டி, வெட்டுமுனை மட்டும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி டம்ளரில் தொங்கவிட வேண்டும். தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். மேஜையில் யாரும் கை ஊன்றக் கூடாது. சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து வெள்ளை நூல் ஒன்று மெதுவாகக் கீழே இறங்கும். இறங்கினால் பாக்டீரியா. இறங்காவிட்டால் வேறு ஏதோ கோளாறு, ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் வசுந்தரா. மைசூர்க்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். என்னிடம் தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை, அதுதான் பயமே. கத்துகிற அதிகாரி என்றால் கத்தி முடித்ததும் விஷயம் முடிந்துவிடும். மேடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதைச் சொன்னாலும் முதலில் அவர் கேட்பது ஒன்றுதான்: “பார்த்தீங்களா, கேட்டீங்களா?” பார்த்ததை மட்டும்தான் நோட்டில் எழுதவிடுவார். “பக்கத்துத் தோட்டத்துல இருந்து வந்திருக்கும் மேடம்” என்று நான் ஆரம்பித்தால், “பார்த்தீங்களா?” என்பார். நான் வாயை மூடிக்கொள்வேன்.

காலணி விஷயத்தில் இன்னும் மோசம். ஜீப்பில் எப்போதும் ஆளுக்கு இரண்டு ஜோடி கம்பூட் இருக்கும். ஒரு நிலத்திலிருந்து வெளியே வந்தால் முதலில் பிரஷ் போட்டு மண்ணைத் தேய்க்க வேண்டும், பிறகு தண்ணீர், பிறகு ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தட்டில் நின்று எண்ணிக்கொண்டு அறுபது. மண் எடுக்கிற இரும்புக் குழாய்க்கும் அதே குளியல். ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் பளபளவென்று லெதர் ஷூவோடு வந்து, “வரப்புல நின்னு பார்த்துட்டுப் போயிடறேன்” என்றார். மேடம் ஜீப்பிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பையை எடுத்து, குனிந்து, தன் கையாலேயே அவர் காலில் கட்டிவிட்டார். அவர் வரப்பு முழுக்க வாத்து மாதிரி நடந்தார். எனக்குச் சிரிப்பை அடக்கி வயிறு வலித்தது.

இப்படிப்பட்ட மேடத்திடம் வேலை பார்த்த நான்தான் இந்தக் காரியத்தைச் செய்தேன்.

மாலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் முனிரத்னம்மா என்று ஒரு விவசாயி. நாற்பது வயது இருக்கும். கணவர் ஒயிட்ஃபீல்டில் டெம்போ ஓட்டுகிறார், வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவார். ஒரு ஏக்கர் நிலம், ஒரு போர்வெல், இரண்டு மாடு. மற்றதெல்லாம் அந்த அம்மாள்தான். அந்த வட்டாரத்தில் விதைக்கிழங்கு வடக்கே இருந்து லாரியில் வரும். தாமதமாக வரும், வருகிற மூட்டையில் அழுகலும் சேர்ந்து வரும், வேறு வழியில்லாமல் வாங்குவார்கள். அதற்கு மாற்றாக எங்கள் ஆபீஸ் ஒரு திட்டம் கொண்டுவந்தது. நோயில்லாத குட்டி நாற்றுகளை நாங்கள் கொடுப்போம், சுத்தமான நிலத்தில் நட்டு விதைக்கிழங்கை அங்கேயே எடுக்கலாம். முனிரத்னம்மா முதல் ஆளாகக் கை தூக்கினார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒன்பது பேர், “நீ எடுத்தா நாங்க உன் கிட்டதான் வாங்குவோம்” என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். “லாரி வருமா வருமான்னு ரோட்டையே பாத்துனு இருந்ததெல்லாம் போதும் சார்” என்பார் அவர்.

விதை நிலத்துக்கு நிபந்தனைகள் கடுமை. ஒரே ஒரு செடி வாடினாலும் அந்தப் பயிர் விதைக்கு ஆகாது, நிலமும் உருளைக்கு மூடப்படும். வேறு யாருடைய மண்வெட்டியும் உள்ளே வரக்கூடாது. வெளி எரு வரவே கூடாது. இந்த நிபந்தனைத் தாளைக் கன்னடத்தில் வரிவரியாக அவருக்குப் படித்துக் காட்டியவன் நான். நடவுக்கு முன்னால் நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து மண் எடுத்துச் சோதித்தவனும் நான். சுத்தமாக இருந்தது.

இப்போது என் மாடிக்கு வாருங்கள். ஓய்வு நெருங்க நெருங்க எனக்கு எருப் பைத்தியம் பிடித்தது. மாடியில் மூன்று நீல டிரம். வீட்டுக் காய்கறித் தோல் போதாமல் பக்கத்து வீட்டுத் தோல், அதுவும் போதாமல் தெருமுனை ஜூஸ் கடைச் சக்கை. என் மனைவி ரெஜினா பள்ளிக்கூட டீச்சர், வாயும் டீச்சர் வாய். “ஊரு குப்பைய எல்லாம் நம்ம மாடிக்குக் கொண்டாந்துட்டீங்க, கார்ப்பரேஷன் லாரிய மட்டும் ஏன் விட்டு வெச்சீங்க?” என்பாள்.

அந்த வருடம் எங்கள் கோயில் திருவிழாவில், பங்கு மக்கள் அத்தனை பேருக்கும் பூரியும் உருளைக்கிழங்கு மசாலாவும். சர்ச்சுக்குப் பின்னால் தோல் மலை மாதிரி குவிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு கூடை அழுகல் கிழங்கு. எனக்கு வாயில் எச்சில் ஊறாத குறை. ஸ்கூட்டரில் மூன்று நடை அடித்து அத்தனையையும் மாடிக்கு ஏற்றினேன். முப்பது வருடமாக அழுகல் கிழங்கைக் கண்டால் கை தானாகக் கத்தியைத் தேடும் எனக்கு. வெட்டினால் உள்ளே பழுப்பு வளையம் இருக்கிறதா என்று பார்ப்பேன். அன்றைக்கு ஒன்றைக்கூட வெட்டிப் பார்க்கவில்லை. கிருமி எல்லாம் ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் கிழங்கில்தான் இருக்கும் என்கிற நினைப்பு. மாதா திருவிழாக் கிழங்கை யாராவது சந்தேகப்படுவார்களா?

எரு என்றால் உள்ளே நன்றாகச் சூடேற வேண்டும். கையை விட்டால் வைத்திருக்க முடியாத சூடு. அந்தச் சூட்டில்தான் கிருமி சாகும். பிறகு கிளறி, ஆறவிட்டு, மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். அந்த வாரம் பார்த்து மழை அடித்தது, டிரம் சில்லிட்டுப் போனது. நான் பொறுக்கவில்லை. மேலே கறுப்பாக, பொலபொலவென்று இருந்ததும் மூட்டை கட்டிவிட்டேன். ரெஜினா மூக்கைப் பொத்திக்கொண்டு, “இன்னாங்க, இன்னும் நாத்தம் போகலியே, இது வெந்துச்சா வேகலியா?” என்றாள். “அது மண் வாசனைடி” என்றேன்.

ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போய் எனக்குப் பழக்கமில்லை. விவசாயி வீடாக இருந்தாலும் பிஸ்கட்டோ பழமோ வாங்கிக்கொண்டுதான் போவேன். அந்த முறை நடவுக்கு முந்தைய வாரம், மேடம் விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்து, மூன்று மூட்டை எருவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். முனிரத்னம்மா திகைத்துப் போனார்.

“எதுக்கு சார் சிரமம்? நம்ம கிட்டயே மாட்டு எரு கீது.”

“எடுத்துக்கம்மா. நானே என் கையால பண்ணினது.”

“வெளி எரு போடக் கூடாதுன்னு நீங்கதானே சார் படிச்சுச் சொன்னீங்க?”

“நான் என்ன வெளி ஆளாம்மா?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கீழ்ப்பக்க வரப்பை ஒட்டிய கடைசி நாலு உழவுச் சாலுக்கு அந்த எரு சரியாக இருந்தது. அவர் மண்வெட்டியால் பரப்ப, நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தேன். என் எரு ஒரு நிலத்துக்குப் போகிறது என்ற பெருமையில் அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடுகூடக் கூடுதலாக இறங்கியது.

நட்டு ஒன்றரை மாதம் போயிருக்கும். போன் வந்தது.

“சார், கடைசி சால்ல பதினோரு செடி தலையத் தொங்கப் போட்டுனு கீது.”

மேடமும் நானும் கிளம்பினோம். பம்ப்செட் மேடையில் டம்ளரை வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். தண்டை வெட்டித் தொங்கவிட்டேன். அக்கம்பக்கத்துக்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மேடம் டம்ளருக்கு நேராகக் கண்ணை வைத்து உட்கார்ந்தார். வெள்ளை நூல் இறங்கியது. நூல் என்ன நூல், நிற்காமல் இறங்கியது.

“பால் மாதிரி வருதே மேடம். நல்லதா, கெட்டதா?” என்று முனிரத்னம்மா கேட்டார்.

மேடம் சுற்றிவளைக்காமல் சொன்னார். அந்த அம்மாள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கூடியிருந்தவர்களில் ஒருவர், “நான் அப்பவே சொன்னேன், லாரி கிழங்கே மேல்னு” என்று யாருக்கும் சொல்லாத மாதிரி எல்லோருக்கும் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். முனிரத்னம்மா அதைக் கேட்டார். முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் கணத்திலும், சத்தியமாகச் சொல்கிறேன், மூட்டை நினைவுக்கு வரவில்லை.

மேடம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “முனிரத்னம்மா, நோடி, பாருங்க, இந்தப் பயிர் விதைக்கு ஆகாது. அது போச்சு. நிலத்தக் காப்பாத்த முடியுமான்னு பாப்போம். கிருமி எந்த வழியா உள்ள வந்ததுன்னு தெரிஞ்சா, எது வரைக்கும் போயிருக்கும்னு கணக்கு போடலாம். அந்த இடத்த மட்டும் வரப்பு போட்டுப் பிரிச்சுட்டு, மிச்ச மண்ணச் சோதிச்சுப் பாக்கலாம். எங்கேர்ந்து வந்ததுன்னே தெரியலேன்னா, நான் ஒரு ஏக்கரையும் மூடத்தான் வேணும். வேற வழி இல்ல.”

பிறகு எப்போதும் செய்கிற காரியத்தைச் செய்தார். ஒரு பெரிய தாள். நாலு கட்டம். நிலத்துக்குள் வந்தது என்ன, எங்கிருந்து, எந்தப் பக்கம் போட்டது, யார் கொண்டுவந்தது. விவசாயி சொல்லச் சொல்ல எழுத வேண்டும். எழுதுகிற ஆள் எப்போதும் நான்தான். அன்றைக்கும் பேனா என் கையில்.

முனிரத்னம்மாவுக்கு அபார ஞாபகம். நாற்றுத் தட்டு எத்தனை, எந்த நாள் வந்தது. மாட்டு எரு, சொந்தக் கொட்டகை. வேப்பம் பிண்ணாக்கு, மாலூர்க் கடை. டிராக்டர், கழுவிவிட்டுத்தான் வந்தது. களையெடுக்க வந்த மூன்று பெண்கள், கால் கழுவினார்கள். பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி ஒருநாள் உள்ளே வந்து இரண்டு செடியை மேய்ந்தது. கொழுந்தனார் வந்து மேல்பக்கம் நின்று பீடி குடித்தார், அதுவும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். பதினாறு வரி ஆகிவிட்டது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசி நாலு சால். கீழ் வரப்பு. பதினோரு செடி. கோயிலுக்குப் பின்னால் இருந்த அழுகல் கூடை என் கண் முன்னால் வந்து நின்றது.

“வேற?” என்றார் மேடம்.

“வேற ஒண்ணும் இல்ல மேடம்.”

“நல்லா யோசிங்க.”

“யோசிச்சேன் மேடம். அவ்ளோதான்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுத இந்த வயதில் எனக்கு என்ன அவசியம்? மறந்துவிட்டார், தப்பித்தோம் என்று மனசு துள்ளியது. ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. விசாரணை என்று ஒன்று வந்தால் பென்ஷன் தாள் எந்த மேஜையில் எத்தனை வருடம் தூங்கும் என்று எனக்குத் தெரியும். போதாததற்கு மேடத்தின் முகம் வேறு. நான் தாளைப் பார்த்துக்கொண்டே எழுத்துக்குக் கீழே கோடு போட்டேன், போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டேன்.

முனிரத்னம்மா உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். முதல் டம்ளர் எனக்குத்தான் கொடுத்தார். மேடம் தாளை வாங்கி மேலிருந்து கீழ் படித்தார். மறுபடி படித்தார். “இதுல ஒண்ணுலயும் சந்தேகம் வரல. அப்போ வழி தெரியலன்னுதான் நான் எழுதணும்” என்றார். “முழு ஏக்கரும்.”

முனிரத்னம்மா தலையை ஆட்டினார். நிலத்தைக்கூடப் பார்க்கவில்லை. டீத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஏக்கர், ஒன்பது பேரின் வாக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தலையாட்டல். நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

“மேடம், ஒண்ணு விட்டுப்போச்சு” என்றேன்.

“என்ன?”

“எரு. மூணு மூட்டை. பெங்களூர்லேருந்து வந்தது. உருளைத் தோலும் அழுகல் கிழங்கும் போட்ட எரு. சரியா வேகல.”

“பார்த்தீங்களா, கேட்டீங்களா?”

“கொண்டுவந்தேன் மேடம்.”

மேடம் பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ப்ளீச்சிங் தட்டில் நிற்கிற அறுபதைவிட அதிகம். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் பேனாவை மறுபடி திறந்து என்னிடம் நீட்டினார். “பதினேழாவது வரி. எழுதுங்க. கொண்டுவந்தவர் பேரு முழுசா எழுதுங்க, பிரகாஷ்னு எழுதாதீங்க.”

ஞானப்பிரகாசம் என்று எழுதினேன். என் பெயர் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“எந்தப் பக்கம் போட்டது?” என்று மேடம் கேட்டதும், முனிரத்னம்மா எழுந்து, ஒரு நொடியும் யோசிக்காமல் கையை நீட்டினார். “அங்க இருந்து நாலு சாலு மேடம். கீழ் வரப்பு வரைக்கும்.” கீழ்ப்பக்கம் என்பது பெரிய அதிர்ஷ்டம். பாசனத் தண்ணீர் மேலிருந்து கீழே வந்து, அந்த நாலு சாலைத் தாண்டி வடிகாலுக்குப் போய்விடும், திரும்பி மேலே ஏறாது. மேடத்தின் முகத்தில் முதல் முறையாகக் கொஞ்சம் தெளிவு வந்தது. கிளம்பும்போது நான் முனிரத்னம்மாவிடம், “என்னை மன்னிச்சிடும்மா” என்றேன். “போய்ட்டு வாங்க சார்” என்றார். அவ்வளவுதான்.

ஜீப் ஓசக்கோட்டையைத் தாண்டியதும் மேடம், “டிரம்முல மிச்சம் இருக்கா?” என்றார். இருந்தது. “நாளைக்குக் கொண்டாங்க. ரெட்டைக் கவர் போட்டு.” வீட்டுக்கு வந்து ரெஜினாவிடம் சொன்னேன். “நாத்தம் அடிக்குதுன்னு நான் சொன்னப்போ மண் வாசனைன்னீங்க” என்று ஆரம்பித்தவள், என் மூஞ்சியைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். எங்கள் முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் பாதியில் நிறுத்திய பேச்சு அது ஒன்றுதான்.

மண்ணில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கத் தக்காளி நாற்றைவிட நல்ல சாட்சி கிடையாது. இந்தக் கிருமிக்குத் தக்காளி என்றால் உயிர். நாலு வரிசைத் தொட்டி வைத்தோம். ஒன்றில் என் மாடி எரு, ஒன்றில் கீழ்ச் சால் மண், ஒன்றில் மேல்பக்க மண், ஒன்றில் அடுப்பில் வறுத்த சுத்த மண். மேல்பக்க மண்ணை நாற்பது இடத்தில் எடுத்தேன், குழாயை நாற்பது முறையும் கழுவினேன். நாற்றின் வேரை லேசாகக் கிள்ளிவிட்டு நட வேண்டும், கிருமிக்கு வாசல் திறந்துவைக்கிற மாதிரி. தினம் காலையில் ஆபீஸ் திறக்கும் முன் நான் கேட்டில் நிற்பேன். வாட்ச்மேன், “ஏன் சார், வூட்ல சண்டையா?” என்று கேட்டார்.

ஒன்பதாம் நாள் என் எருவில் இருந்த நாற்றுகள் தலை சாய்ந்தன. பன்னிரண்டாம் நாள் கீழ்ச் சால் மண். தண்டை வெட்டித் தொங்கவிட்டால் இரண்டிலும் வெள்ளை நூல். திருடனைப் பிடித்துவிட்டோம் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன், திருடன் நான்தான் என்பது அடுத்த நிமிடம் நினைவுக்கு வந்தது. மேல்பக்க மண்ணில் இருந்தவை நின்றன. பதினைந்தாம் நாளும் நின்றன. இருபத்தோராம் நாள் மேடம் அவற்றையும் ஒவ்வொன்றாக வெட்டி டம்ளரில் தொங்கவிட்டார். தண்ணீர் கடைசி வரை தெளிவாகவே இருந்தது.

கீழ் நாலு சாலைப் புது வரப்பு போட்டுப் பிரிக்க வேண்டும், அங்கிருக்கிற செடியும் கிழங்கும் அழிக்கப்பட வேண்டும், இனிமேல் அங்கே ராகியும் சோளமும்தான். மேல்பக்கத்து இந்த வருடக் கிழங்கு விதைக்கு ஆகாது, ஆனால் நிலம் மூடப்படாது, அடுத்த பட்டத்துக்கு மறுபடி நாற்று உண்டு. மேடம் கையெழுத்துப் போட்டார். அதே பேனாவால் எனக்கு ஒரு மெமோவிலும் கையெழுத்துப் போட்டார். நான் விளக்கம் எழுதிக் கொடுத்தேன், எச்சரிக்கை என்று ஒன்று என் கோப்பில் ஏறியது. பென்ஷன் மூன்று மாதம் தாமதமாக வந்தது, வந்துவிட்டது.

கையெழுத்தான அன்றைக்கே, ஆபீஸ் வராந்தாவில் நின்று முனிரத்னம்மாவுக்குப் போன் போட்டேன்.

“மேல்பக்கம் சுத்தம்மா. மேடம் கையெழுத்துப் போட்டாச்சு. அடுத்த பட்டத்துக்கு நாத்து வரும்.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, “சார், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அன்னிக்கு உங்க எருவ நான் மறந்துட்டேன்னு நெனச்சீங்களா?”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“மொதல் செடி சாஞ்ச அன்னிக்கே எனக்குத் தெரியும் சார். அந்த நாலு சாலத் தாண்டி ஒரு செடி சாயல.”

“அப்புறம் ஏன்மா சொல்லல? முழு ஏக்கரும் போயிருக்குமே!”

“ஒருத்தர் ஆசையா வூட்டுக்குக் கொண்டாந்து குடுத்தத, அவரு மேடம் முன்னாடி எப்படி சார் சொல்றது? நீங்க சொல்வீங்களா சொல்வீங்களான்னு பாத்துனு இருந்தேன். டீ போடறேன்னு உள்ள போய்க்கூட நின்னுப் பாத்தேன்.”

“நான் சொல்லலேன்னா?”

“ராகி போட்டிருப்பேன். உங்க பேர யார் கிட்டயும் எடுத்திருக்க மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் என் வூட்ல உங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி கெடச்சிருக்காது சார்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வராந்தாவில் போவோர் வருவோர் பார்க்கிறார்களே என்று தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். “நடவுக்கு நான் வரலாமாம்மா?” என்று கேட்டேன்.

“வராம? உங்க வூட்டு அக்காவையும் இட்டுனு வாங்க. சாப்பாடு நம்ம வூட்லதான்” என்றார். போனை வைக்கப் போனவர், “சார், சார்!” என்று கூப்பிட்டார். “வெறுங்கையோட வாங்க.”

போனோம். ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்கவில்லை.